உத்தியோகத்தை விடும் வேளை



உத்தியோகம் ஒன்றினைப் பெறுவது எவ்வாறு என்று சொல்லித் தருவோர் நம் நாட்டிலே பலர் உளர். பெற்றார் சொல்வர்; ஆசிரியர் சொல்வர்; அயலார் கேளாமலே சொல்வர். பெற்ற உத்தியோகத்தை எப்பொழுது விடுவது என்று சொல்லித் தருவாரைக் காண்பதோ அரிது. அதனைப் பற்றிப் பேசுவதே ஒருவகை அமங்கலம் என நம்மவர் கருதுகின்றனர் போலும். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்" என்று யாழ்ப்பாணத்தார் வழங்கிய பழமொழியை உங்களுட் பலர் கேட்டிருப்பீர்கள். கோறணமேந்து என்பது அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம் கிராமத்து நாவிலே பட்டுத் திரிந்த வடிவம். அரசாங்கத்துக் கோழியை மேய்க்கும் பெருமையை இப்பழமொழி நன்றாகவே எடுத்துரைக்கிறது. மேய்க்கும் கோலை எந்த நாளில் அடுத்தவர் கையிற் கொடுப்பது என்பது பற்றி அது வாய் திறக்கவில்லை.

இவ்விடயத்தைப் பற்றி இன்று நான் பேச முன்வந்ததற்குக் காரணம் உண்டு. களனி ஆற்றுக்கு அண்மையிலே தமிழ் மொழிமூலப் பாடசாலை ஒன்றின் அதிபராக நான் கடமையாற்றுகின்றேன். எனக்கு வயது 57. நம் நாட்டு அரசாங்க ஊழியர் 55 வயதிலே, விரும்பினால், இளைப்பாறலாம். 60 வயதிலே, விரும்பாவிடினும், இளைப்பாறவே வேண்டும். இடையிலுள்ள ஐந்து ஆண்டுகளும் விசித்திரமானவை. அதற்கு முன்னர், ஏன் வேலைக்குப் போகிறாய் என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை; நாமும் நம்மைக் கேட்பதில்லை. 55ஆவது பிறந்தநாளுக்கு மறுநாட் காலையில் பாடசாலைக் கதவைத் திறந்தபொழுது, இன்று நான் என் விருப்பத்தினாலே இங்கு வந்திருக்கின்றேன் என்ற எண்ணம் எனக்குப் புதிதாகத் தோன்றியது. அன்றுமுதல் நாள்தோறும் அது தோன்றுகிறது.

மேல் எல்லையும் அசையாது நின்றதென்று சொல்வதற்கில்லை. 2021 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் கட்டாய ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தியது. மறு ஆண்டிலே நாடு பொருளாதார நெருக்கடியில் அமிழ்ந்தபொழுது அவ்வயது மீண்டும் 60 ஆக்கப்பட்டது. 2022 டிசெம்பர் 31ஆந் திகதியோடு, 60ஐக் கடந்திருந்தோர் பலர் ஒரே நாளில் வீடு சென்றனர். 65 வரை வேதனம் வரும் என்று கணக்கிட்டு மகளின் கலியாணத்துக்குக் கடன்பட்ட ஒருவரை நான் அறிவேன். ஓய்வு பெறுவதற்கும் ஓய்வு கொடுக்கப்படுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவர் முகத்திலே கண்டேன்.

நான் ஒருமுறை உத்தியோகத்தை விட்டுப் பழகியவள். 1980களின் இறுதியிலே பல்கலைக்கழகங்கள் நெடுநாள் மூடிக் கிடந்தமையால், பேராதனையிலிருந்து கலைப் பட்டத்தோடு நான் வெளிவந்தபொழுது எனக்கு வயது 26. கோட்டையிலே தனியார் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்தது. இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்த்து, குறைபாடு கண்டால் திருப்பி அனுப்புவது என் வேலை. வேதனம் நல்ல வேதனம். மூன்றாம் ஆண்டிலே, எனக்குரியதென்று நான் நம்பியிருந்த பதவி உயர்வு எனக்குப் பின்னர் சேர்ந்த ஒருவருக்குப் போயிற்று. அன்றிரவே வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையிலிருந்து இராஜினாமாக் கடிதம் எழுதினேன். என் தந்தையார் அதனை வாசித்தார். நல்ல ஆங்கிலம் என்றார். பின்பு, "கடிதத்தை எழுதினது சரி பிள்ளை, திகதியை மட்டும் போடாதே" என்றார்.

அக்கடிதம் திகதியின்றியே என் கைப்பையிற் கிடந்தது. இரண்டு கிழமையிலே கோபம் ஆறிவிட்டது. கோபம் ஆறிய பின்னர்தான் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பதவி உயர்வு கிடைத்திருந்தாலும் அந்த நாற்காலியிலே நான் நிலைத்திருக்க மாட்டேன். ஏனெனில், மாலை ஐந்தரைக்குப் பின்னர் எங்கள் வீட்டு விறாந்தையிலே ஒழுங்கையிலுள்ள பிள்ளைகள் எட்டுப்பேருக்குத் தமிழ் இலக்கியம் சொல்லிக் கொடுத்து வந்தேன். பகல் முழுவதும் நான் காத்திருந்தது அந்த ஐந்தரை மணிக்கே. இதனை உணர்ந்த பின்னர் பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். சில மாதங்களிலே பட்டதாரி ஆசிரியர் நியமனம் வந்தது. வேதனம் மூன்றிலொரு பங்கு குறைவு. புதிய கடிதம் எழுதினேன். அது நாலே வரிகளில் முடிந்தது. முந்தியது இரண்டு பக்கம். கோபத்தில் விடுகிறவருக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

என் தந்தையார் அவ்வாலோசனையை எங்கிருந்து பெற்றார் என்பது எனக்கு அப்பொழுது தெரியாது. அவர் புகையிரதத் திணைக்களத்திலே இலிகிதராக இருந்தவர். மருதானைக்கு நாள்தோறும் வெள்ளவத்தையிலிருந்து ரயிலிற் போய் வந்தவர். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியதை நேயர்கள் அறிவீர்கள். ஆங்கிலத்திலே தேர்ச்சி பெற்று, அதன் பலத்தால் சேவையிற் சேர்ந்திருந்த தமிழ் அலுவலர்களை அச்சட்டம் உடனே வந்து தொடவில்லை. 1961 டிசெம்பரிலே வெளியான திறைசேரிச் சுற்றறிக்கை ஒன்றே தொட்டது. உரிய சிங்கள மொழித் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியடையாதோரின் வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். நடுத்தர வயதிலே, பிள்ளை குட்டியோடு, கோவைகளுக்கு நடுவே இருந்த மனிதர்கள் மீண்டும் அரிவரி படிக்க வேண்டியவராயினர்.

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலே அந்நாட்களில் வேறு பேச்சே இல்லை என்று என் தாயார் சொல்வார். படித்துச் சித்தியடைவதா, இளைப்பாறி ஊருக்குப் போவதா, பரீட்சைக்குத் தோற்றாமலே இருந்து வருவதை ஏற்பதா? எங்கள் அடுத்த வீட்டுக்காரர் இளைப்பாறிச் சென்று ஊரிலே மிளகாய்த் தோட்டம் செய்தார். செழிப்பாகவே வாழ்ந்தார் என்று கேள்வி. என் தந்தையார் 36 வயதிலே, விளக்கு வெளிச்சத்திற் குந்தியிருந்து சிங்கள எழுத்துகளை வளைத்து வளைத்து எழுதினார். இரண்டாம் முறை சித்தியடைந்தார். 55 வயது நிரம்பும்வரை சேவையில் இருந்தார். அவர் காலமான பின்னர், அவருடைய இரும்புப் பெட்டியிலே இளைப்பாற்றுச் சம்பளக் கோவைக்கு அடியிற் பழுப்பேறிய தாள் ஒன்று அகப்பட்டது. திணைக்களத் தலைவருக்கு ஆங்கிலத்திலே தட்டச்சு செய்யப்பட்ட கடிதம். மொழிக் கொள்கையின் காரணமாகச் சேவையிலிருந்து இளைப்பாற அனுமதி வேண்டுகிறேன் என்று இருந்தது. திகதிக்குரிய இடத்திலே 19 என்ற இரண்டு இலக்கங்கள் தட்டச்சாகியிருந்தன. அடுத்த இரண்டு இலக்கங்களும் அவர் இடவில்லை.

அவர் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், எங்களுக்கு உணவும் கல்வியும் தந்தது அந்த வெற்றிடந்தான் என்று மட்டுமே சொல்வேன். அதே காலத்தில் வேறொருவர் வேறு விதமாக முடிவு செய்தார். அவர் செல்லையா கோடீஸ்வரன். அவரும் அரசாங்க எழுதுவினைஞரே. பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 ஏப்பிரலில் அவருக்குரிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் இராஜினாமாச் செய்யவில்லை. இருந்த இடத்திலிருந்தே சட்டமா அதிபருக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. முடிக்குரிய ஊழியன் தன் வேதனத்துக்காக முடியின் மீது வழக்கிட முடியாது என்றது. அவர் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம்வரை சென்றார். 1969 டிசெம்பரிலே அக்கழகம், அரசாங்க ஊழியன் தன் வேதனத்துக்காக வழக்கிடலாம் என்று கூறி, மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு அமைவானதா என்னும் மூல வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அதற்குள் காலம் மாறிவிட்டது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. மூல வினாவுக்கு விடை கூறப்படவேயில்லை. ஆயினும், வேதனம் என்பது அரசின் கருணை அன்று, ஊழியனின் உரிமை என்ற நெறி நிலைபெற்றுவிட்டது. இன்று சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி அரச ஊழியர் அனைவருக்கும் உரிய அந்நெறியை, வேலையை விடாத ஓர் எழுதுவினைஞரே வென்று தந்தார்.

ஆதலால், மானமுள்ளவன் விட்டெறிவான், மானமற்றவனே ஒட்டிக்கொண்டிருப்பான் என்று மேடையிலே முழங்குவோரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. விடாதிருப்பதற்கும் மானம் வேண்டியிருக்கலாம்.

ஒன்றை இடையிலே சொல்லிச் செல்கின்றேன். 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 யூலைக்குப் பின்னர் சேவையிற் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலே ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெறவேண்டும் என்ற விதியும் வந்தது. எங்கள் பாடசாலை அலுவலகத்திலுள்ள சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் மதிய இடைவேளையிலே நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு அமர்ந்து ழகரம் பழகுகிறார். பிள்ளைகள் அவரைத் திருத்தும்பொழுது பெருமிதத்தோடு திருத்துகிறார்கள். என் தந்தையார் இருந்து பார்த்திருக்கலாம் என்று தோன்றும்.

தேர்ந்து விடுவதும் தேர்ந்து இருப்பதும் ஒருபுறமிருக்க, தேர்வே இல்லாமற் போனவர்களை இந்த வெள்ளவத்தை அறியும். 1983 யூலை வன்செயலிலே வீடு இழந்து, அகதி முகாம்களிலே சில நாட் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்ற பல்லாயிரவருள்ளே இலிகிதரும் கணக்காளரும் மருத்துவரும் ஆசிரியரும் இருந்தனர். அவர்களிற் பலர் இராஜினாமாக் கடிதம் எழுதவில்லை. மேசை இழுப்பறையிலே பேனையும் மூக்குக்கண்ணாடியும் இருந்தபடியே விட்டுச் சென்றனர். குறித்த நாட்களுக்குள் கடமைக்குத் திரும்பாதவரைப் பதவியை வறிதாக்கியவர் என்று நம் நிருவாகக் கோவை கூறும். யார் எதனை வறிதாக்கினார் என்ற கேள்வி அச்சொல்லிலே அடங்கவில்லை. எனக்கு அப்பொழுது வயது 15. வேலையை விடும் நாளைத் தானே குறித்துக்கொள்வது ஒருவருக்கு எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை அன்று கண்டவர்களிடமே கேட்க வேண்டும். இன்று என்னிடம் வந்து, விடுவதா இருப்பதா என்று ஆலோசனை கேட்கும் இளம் ஆசிரியர்களிடம் நான் முதலிற் சொல்வது இதுதான்: இக்கேள்வியைக் கேட்கும் நிலையில் நீங்கள் இருப்பதே நல்ல நிலை, அவசரப்பட்டு அதனைத் தொலைத்துவிடாதீர்கள்.

உத்தியோகம் விட்டுப் புகழ்பெற்றவர் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவர் நல்லூர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர் அவர். 1848இலே, 26 வயது நிரம்பாதபொழுது, அந்த வேலையை விட்டார். வேதனத்தைக் கூட்டித் தருவதாகப் பாதிரியார் வேண்டியும் இணங்கவில்லை என்பது அவர் வரலாறு எழுதியோர் கூற்று. இக்கதையை நாம் ஒரே பாய்ச்சலாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆண்டுகளைச் சற்று உற்று நோக்கினால் அது பாய்ச்சல் அன்று என்பது தெரியும். வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தது 1847 டிசெம்பர் 31ஆந் திகதி. அப்பொழுது அவர் மிஷன் பாடசாலையின் ஆசிரியரே. வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது 1848இல். அடுத்த வேலையின் அத்திவாரத்தைப் பழைய வேலையில் இருந்தபடியே இட்டிருந்தார். எங்கள் விறாந்தை வகுப்பை அதனோடு ஒப்பிடும் துணிவு எனக்கு இல்லை. எனினும் முறை ஒன்றுதான். மற்றுமொன்று: நாவலர் இல்லறம் ஏற்றவரல்லர். வீட்டு வாடகையும் மாமியாரின் மருந்துச் செலவும் உடைய ஒருவரை நோக்கி, நாவலர் விடவில்லையா, நீ ஏன் விடமாட்டாய் என்று கேட்பது நியாயம் ஆகாது.

காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விஞ்ஞான ஆசிரியர், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர், துறவி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியர் என்று அவர் ஏறியிறங்கிய நாற்காலிகள் பல. ஒன்றிலும் வேரூன்றிவிடவில்லை. 1947இலே யாழ் நூல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவரும் மறைந்தார். நாற்காலி மாறினாலும் கையிலிருந்த வேலை மாறாதவர்களுக்கு, எப்பொழுது விடுவது என்ற கேள்வி நம்மைப்போல் அவ்வளவு வருத்துவதில்லை போலும்.

இனி, என்னை உண்மையில் வருத்திய விடயத்துக்கு வருகின்றேன்.

2022 யூன் மாதத்திலே பொது நிருவாக அமைச்சு 14/2022ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. அரசாங்க ஊழியர் வெளிநாடு சென்று உழைப்பதற்கோ, உள்நாட்டிலே வேறு தொழில் புரிவதற்கோ, ஐந்து ஆண்டுகள்வரை வேதனமற்ற விடுமுறை பெறலாம். சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதகம் இல்லை. நாட்டிலே எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. எங்கள் கணித ஆசிரியை அந்த விண்ணப்பப் படிவத்தோடு என் அறைக்கு வந்தார். வயது 34. கணவருக்கு வேலை போய்விட்டது, இரண்டு சிறுவர்கள். வளைகுடா நாடொன்றிலே பாடசாலை ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. படிவத்திலே அதிபரின் சிபாரிசுக்கு ஒரு கட்டம் உண்டு.

எங்கள் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் பெற்றார் புறக்கோட்டையிலே மூட்டை சுமப்பவர், கொட்டாஞ்சேனையிலே தையற் கடைகளில் நிற்பவர், ஆற்றங்கரையிலே சிறுதொழில் செய்பவர். தனியார் வகுப்புக்குப் பணம் கட்ட அவர்களால் இயலாது. தமிழ் மொழியிலே கணிதம் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியரை இப்பக்கத்துக்குப் பெறுவது குதிரைக் கொம்பு. அவர் ஒருவரே சாதாரண தரத்துக்கு இருந்தார். கட்டத்திலே 'சிபாரிசு செய்யவில்லை' என்று எழுத எனக்கு அதிகாரமும் இருந்தது, காரணமும் இருந்தது. அவர் அதனை அறிந்தே வந்திருந்தார்.

"மிஸ், நான் போகாவிட்டால் என் பிள்ளைகள், போனால் உங்கள் பிள்ளைகள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீங்கள் எழுதுவதை எழுதுங்கள். நான் உங்களோடு கோபிக்க மாட்டேன்," என்றார்.

படிவத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் 'சிபாரிசு செய்கிறேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஏன் அவ்வாறு செய்தேன் என்று ஆசிரியர் சிலர் பின்னர் என்னைக் கேட்டனர். ஒருவரைப் பூட்டி வைத்துப் பெறும் கற்பித்தல் எத்தகையது என்பதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கின்றேன் என்றேன். அதற்கு வந்த விலையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். ஒன்பது மாதங்கள் பதிலாள் வரவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், 68 வயதிலே, கிழமையில் இரண்டு நாள் பஸ்ஸேறி வந்து இலவசமாகப் படிப்பித்தார். அவ்வாறிருந்தும், அடுத்த சாதாரண தரப் பரீட்சையிலே கணிதத்திற் சித்தியடைந்தோர் தொகை முன்னையதிற் பாதியாயிற்று. சித்தியடையாதோருள் ஒரு மாணவி இப்பொழுது சேர்ந்திருக்கும் கடையின் வழியாகவே நான் வீட்டுக்குப் போகின்றேன். அவள் எழுந்து வணக்கம் சொல்கிறாள்.

வேலையை விடுவது தன் சொந்த விடயம் என்று சொல்வோர், ஆசிரியத் தொழிலை அறியாதவர் என்றே நினைக்கின்றேன். அதற்காக அந்த ஆசிரியையை நான் குறைகூறவும் இல்லை. கணக்கிலே இரண்டு பக்கமும் பிள்ளைகளே இருந்தனர்.

விடுமுறை என்ற பெயரிலே போகிறவர் திரும்பி வருவாரா என்பது வேறு கேள்வி. பிரித்தானியர் காலத்திலே இலங்கைச் சிவில் சேவையில் இருந்த லெனாட் வூல்ஃப் என்பாரின் கதை இங்கு நினைவுக்கு வருகிறது. 1904இலே வந்து, யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கடமை பார்த்து, அம்பாந்தோட்டையிலே உதவி அரசாங்க அதிபராக இருந்து, 1911இலே ஓராண்டு விடுமுறையில் இங்கிலாந்து சென்றார். விடுமுறையை நீடிக்கக் கேட்டபொழுது காரணம் கேட்கப்பட்டது. அவர் காரணம் வெளியிட விரும்பாமல் 1912இல் இராஜினாமாச் செய்தார். அவ்வாண்டு ஒகஸ்டிலே வேர்ஜினியா ஸ்ரீபன் என்ற அம்மையாரை மணந்தார். அவரே பின்னர் வேர்ஜினியா வூல்ஃப் எனப் புகழ்பெற்ற எழுத்தாளர். அம்பாந்தோட்டையின் வெயிலிலே நின்றபொழுது வராத தெளிவு, தூரத்திலே போய் நின்றபொழுது வந்திருக்கிறது. எங்கள் ஆசிரியை பாடசாலைக்குக் கணிப்பான்கள் சில அனுப்பியிருந்தார். திரும்பி வருவது பற்றி ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, நான் போனால் என்னவாகும் என்ற கேள்வி எனக்குத் தீவிரமாயிற்று. இங்கே நான் பெரிதும் மதிக்கும் ஒருவரை உங்களுக்கு நினைவூட்டுகின்றேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவராகிய தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியிலே தமிழ்ப் புலவராக இருந்தார். உடல்நலம் குன்றியமையால் 1880இலே அவர் ஓய்வு பெற விரும்பினார். வெறுமனே ஓய்வு பெற்றுச் செல்லவில்லை. தம் இடத்துக்கு ஏற்றவர் யார் என்று தேர்ந்து, திருவாவடுதுறை ஆதீனத்திலே இருந்த இளைஞர் ஒருவரை நாடிச் சென்றார். அவரை அனுப்ப ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கு எளிதில் மனம் வரவில்லை. செட்டியார் விடவில்லை. அவ்வாண்டு பெப்ரவரியிலே அவ்விளைஞர் மாதம் 50 ரூபா வேதனத்தில் கல்லூரியிற் சேர்ந்தார். அவர்தாம் உ. வே. சாமிநாதையர். அதே ஆண்டிலே கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. அதன் பயனாக 1887இலே சீவக சிந்தாமணி அச்சேறியது. தொடர்ந்து வந்தவற்றைத் தமிழுலகம் அறியும். ஐயரைப் புகழ நமக்கு வாய் போதாது. அவருக்காக நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்த செட்டியாரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. இன்னும் சில ஆண்டு பிடிவாதமாக அவர் அங்கேயே அமர்ந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

செட்டியாருக்கு இருந்த வசதி எனக்கில்லை. அடுத்த அதிபரை நியமிப்பது கல்வித் திணைக்களம். என் சொல் அங்கே ஏறும் என்று நான் எண்ணவில்லை. எனினும், என்னிடம் பிரதி அதிபர் ஒருவர் உண்டு. வயது 46; விஞ்ஞானப் பட்டதாரி; அதிபர் சேவைப் பரீட்சையிற் சித்தியடைந்தவர். பிள்ளைகளின் பெயர் மட்டுமன்றி, அவர்களின் தாய்மாரின் பெயரும் அவருக்குத் தெரியும். 2016 மே மாதத்திலே களனி ஆறு பெருகியபொழுது, இடுப்பளவு நீரிலே நின்று பதிவேடுகளைத் தலையிற் சுமந்து மேல் மாடிக்கு ஏற்றியவர் அவர். நான் 60 வரை இருந்தால், அவர் அதற்கு முன்னரே வேறு பாடசாலைக்கு அதிபராகப் போய்விடுவார். அவர் போவது நியாயம். பிறகு நான் போகும்பொழுது இங்கே யார் வருவார்?

மறுபுறத்திலே இன்னொன்று இருக்கிறது. எங்கள் பாடசாலையிலே சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுவிடும். உயர்தரம் கற்க ஆற்றைக் கடந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் போக வேண்டும். பஸ் கட்டணம் ஒரு தடை; பருவமடைந்த பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கும் பெற்றார் மற்றொரு தடை. ஆறு ஆண்டுகளாக விண்ணப்பித்து, சென்ற ஆண்டிலே உயர்தரக் கலைப் பிரிவுக்கு அனுமதி பெற்றோம். முதல் வகுப்பிலே 19 பேர்; அவர்களில் 16 பேர் பெண்கள். கலைப் பட்டதாரியாகிய நானே அவர்களுக்குத் தமிழ் கற்பிக்கின்றேன். அதிபர் பாடம் எடுப்பது இந்நாளில் அருகிவிட்டது என்பர். எனக்கு அந்த நாற்பது நிமிடந்தான் பழைய ஐந்தரை மணி.

என் கணவர் காகிதத்திலே கணக்குப் போட்டுக் காட்டினார். 60 வரை இருந்தால் ஓய்வூதியம் இவ்வளவு. இப்பொழுதே விட்டால் இவ்வளவு. வேறுபாடு சிறிதன்று. அக்காகிதத்தை நான் மதிக்கின்றேன். பணத்தைப் பற்றிப் பேசுவதை இழிவாக எண்ணுவோர் பெரும்பாலும் அது குறையாதவர்களே. மகள் தொழிலில் அமர்ந்துவிட்டாள். வீட்டுக் கடன் அடுத்த ஆண்டு முடிகிறது. ஆகவே தாங்கக்கூடிய வேறுபாடு என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். கடன் முடியாதிருந்தால் இந்தப் பேச்சு வேறுவிதமாக அமைந்திருக்கும்.

முடிவில் ஒரு நாளைக் குறித்தேன். இந்த 19 பேரும் உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும் மாதத்தின் கடைசி நாள். அப்பொழுது எனக்கு 58 நடந்துகொண்டிருக்கும். விண்ணப்பத்தைத் திகதியிட்டுக் கொடுத்துவிட்டேன். பிரதி அதிபரை அழைத்து, அதுவரை வேறிடம் கேட்க வேண்டாம் என்று வேண்டினேன், வாக்குறுதி கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். மூன்றாம் நாள் வந்து, "நீங்கள் போகும் மாதம்வரை இருப்பேன், மிஸ். அதற்குப் பிறகு திணைக்களம் யாரை அனுப்பினாலும், அவருக்கு வேலையைக் காட்டிக் கொடுத்துவிட்டே போவேன்," என்றார். அதற்குமேல் ஒருவரிடம் எதிர்பார்க்கலாகாது.

எஞ்சியிருப்பது சில்லறை வேலைகள். பொருட்பதிவேட்டிலே இருப்பதாகக் காட்டப்படும் கதிரைகளும் உண்மையில் உள்ள கதிரைகளும் ஒத்து வரவேண்டும். வெள்ளத்திலே போனவை இன்னும் ஏட்டிலே நிற்கின்றன. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குக் கையொப்பம் மாற வேண்டும். சம்பவத் திரட்டுப் புத்தகத்தைச் சென்ற மாதம் முதல் பிரதி அதிபரையே எழுதச் சொல்லியிருக்கின்றேன். மாலையிலே அவர் எழுதியதை வாசித்து, அடியிலே என் சுருக்கொப்பத்தை இடுகின்றேன். என்னைவிட அவர் குறைவாக எழுதுகிறார், தெளிவாக எழுதுகிறார்.